நாகப்பட்டினத்தில் ஒரு நாள்: தாத்தா கப்பலேறிய கரையில் என்ன இருக்கிறது?

தமிழ்நாட்டுக்குச் சுற்றுலா போகும் நம்மவர்களின் பயணத் திட்டத்தில் வேளாங்கண்ணி இருக்கும், நாகூர் இருக்கும், பக்கத்துக் காரைக்காலில் உள்ள திருநள்ளாறு இருக்கும். இந்தத் தலங்களுக்கு நடுவில் கிடக்கும் நாகப்பட்டினம் மட்டும் இருக்காது. வேளாங்கண்ணியில் காலைப் பூசை முடித்து நாகூருக்குப் போகும் வேன், தேநீருக்குக்கூட நிற்காமல் அந்த ஊரைக் கடந்துவிடும்.

ரப்பர் தோட்டத்திலும் ரயில் பாதையிலும் துறைமுகத்திலும் வேலை செய்ய மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறியவர்களுக்கு இருந்த வாசல்கள் முக்கியமாக இரண்டுதான். ஒன்று சென்னை, மற்றது நாகப்பட்டினம். தாத்தாவோ பூட்டனோ இந்திய மண்ணில் கடைசியாக மிதித்த இடம் இதுவாக இருக்கலாம் என்பது தெரிந்தால், எந்தக் குடும்பமும் வேனை அங்கே நிறுத்தாமல் போகாது.

முதல் முறை போகிறவருக்கு ஒரு நாள் போதும். ஆனால் எதைப் பார்க்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். நாகையில் பலகை வைத்துக் காட்டும் இடங்கள் குறைவு. இருந்து அழிந்துபோன இடங்களே அதிகம்.

கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் திருச்சிக்கு நேரடி விமானங்கள் இருப்பதால் பயணம் சிரமமில்லை. திருச்சியிலிருந்து தஞ்சாவூர், திருவாரூர் வழியாக ஏறக்குறைய 145 கிலோமீட்டர். காரில் மூன்றரை மணி நேரம் பிடிக்கும். ரயிலும் உண்டு. காலையை வீணாக்காமல் இருக்க, முதல் நாள் மாலையே நாகையிலோ வேளாங்கண்ணியிலோ போய்த் தங்கிவிடுவது நல்லது. வேளாங்கண்ணி 12 கிலோமீட்டர்தான். தங்கும் விடுதிகள் அங்கே அதிகம்.

கப்பல் கரைக்கு வராத துறைமுகம்

நாளைக் கடற்கரையில் தொடங்க வேண்டும், அதுவும் விடியற்காலையில். பினாங்கிலும் கிள்ளானிலும் போர்ட்டிக்சனிலும் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, இங்கே அது கடலிலிருந்து ஏறும். வங்காள விரிகுடாவின் இந்தக் கரையில் நின்று நேர் கிழக்கே பார்த்தால், அந்தமான் தீவுகளைத் தாண்டி அடுத்து வருவது மலாய்த் தீபகற்பம்தான்.

கடற்கரையில் பெரிய துறைமுகக் கட்டடங்களையும் கப்பல் அணையும் மேடைகளையும் தேடுபவர்கள் ஏமாந்து போவார்கள். பயணிகள் கப்பல் கரையோடு ஒட்டி நிற்கும் அளவுக்கு நாகையில் ஆழம் இருந்ததில்லை. கப்பல் வெகு தூரம் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களும் டிரங்குப் பெட்டிகளும் சாக்கு மூட்டைகளும் கரையிலிருந்து படகில் போய், அலையில் ஆடிக்கொண்டிருக்கும்போதே கப்பலின் ஏணியைப் பிடித்து ஏற வேண்டும். வயலைத் தவிர வேறெதையும் பார்த்திராத ஒருவர் முதன்முதலாகக் கடலைப் பார்த்ததும், அதில் இறங்கியதும் ஒரே நாளில் நடந்திருக்கும். வயதானவர்கள் கப்பல் கதை சொல்லும்போது ஏழு நாள் பயணத்தை விட, அந்தப் படகு ஆட்டத்தை அதிகமாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அந்தக் கப்பல்களில் பெயர் நிலைத்துப்போனது ரஜூலா. 1926-இல் கட்டப்பட்ட இந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் எனப்பட்ட கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று ஐந்து ஊர்களுக்கு நடுவே ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. அதன் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று இங்கே பாதிப் பேர் என்று சொன்னாலும் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். அதே கடல்வழியில் ‘ஸ்டேட் ஆஃப் மெட்ராஸ்’ கப்பலும், பிறகு எம்.வி. சிதம்பரமும் ஓடின. 1980களின் நடுவில் சிதம்பரம் கப்பலில் உயிர்ப்பலி வாங்கிய தீ விபத்து நடந்தது. அதோடு அந்தக் கப்பல் நின்றது. விமானம் மலிவாகிக்கொண்டிருந்த காலம் அது; இரு கரைகளையும் இணைத்த பயணிகள் கப்பல் காலமும் முடிந்தது.

நாகையிலிருந்து மறுபடி பயணிகள் கப்பல் புறப்பட்டது 2023 அக்டோபர் 14 அன்று. அது பினாங்குக்கு அல்ல, இலங்கையின் காங்கேசன்துறைக்கு. காற்றும் மழையும் அனுமதிக்கும் காலத்தில் மட்டும் ஓடும் சேவை அது.

கடற்கரையை விட்டுக் கிளம்பும் முன், கடுவையாற்றின் மறுகரையில் உள்ள அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கம் ஒரு பார்வை பார்க்க வேண்டும். மீன்பிடித் துறைமுகம் அங்கேதான். 2004 டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை இந்தக் குப்பங்களை வாரிக்கொண்டு போனது. தமிழ்நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது நாகப்பட்டினம் மாவட்டம். மாண்டவர்கள் 6,000க்கும் அதிகம். அதே நாள் அதே அலை கிழக்குப் பக்கமும் போய்ப் பினாங்கையும் கெடாவின் கோலமூடாவையும் அடித்தது நம்மவர்களுக்கு நினைவிருக்கும். இன்று அங்கே வலை காய்கிறது, ஐஸ் பெட்டி ஏற்றிக்கொண்டு லாரிகள் போகின்றன. படம் பிடிக்கும் முன் அங்கிருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது மரியாதை.

சொந்த ஊரா, ஏறிய ஊரா?

அடுத்து ரயில் நிலையம். சுற்றுலாக் கையேடு எதுவும் இதைப் பார்க்கச் சொல்லாது. ஆனால் தென்னிந்தியாவின் மிகப் பழைய ரயில் பாதைகளில் ஒன்று, நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்குப் போட்ட பாதை. 1861-இல் இங்கே ரயில் ஓடத் தொடங்கியது. அதை நடத்திய கம்பெனியின் தலைமையிடம் முதலில் இந்த ஊரில்தான் இருந்தது. ரயில் பட்டறையும் இங்கேயே இருந்து, 1928-இல் திருச்சியை அடுத்த பொன்மலைக்கு மாறியது. பட்டறை போன பிறகு ஊரின் களை கொஞ்சம் குறைந்தது என்பார்கள்.

மலாயா கதையைப் புரிந்துகொள்ள இந்த ரயில் முக்கியம். சேலத்திலும் ஆர்க்காட்டிலும் திருச்சியிலும் தஞ்சாவூரிலும் கங்காணி சேர்த்த ஆட்களைக் கடற்கரைக்குக் கொண்டுவந்து கொட்டியது அதுதான். கங்காணி என்பவர் பெரும்பாலும் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தவரே. தோட்டத்துரை கொடுத்த அனுமதிச் சீட்டோடு சொந்த ஊருக்குப் போய், சொந்தக்காரர்களையும் ஊர்க்காரர்களையும் பேசி அழைத்து வருவார். ஒரே தோட்டத்தில் ஒரே கிராமத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்ததற்குக் காரணம் அதுவே. 1907-இல் அமைந்த குடியேற்ற நிதி, கப்பல் செலவையும் ரயில் செலவையும் ஏற்றது. அந்த நிதிக்குப் பணம் கட்டியவர்கள் தோட்ட முதலாளிகள். நாகையில் ஒன்று, சென்னைக்குப் பக்கத்தில் ஆவடியில் ஒன்று என்று இரண்டு முகாம்கள் இருந்தன. வந்தவர்களுக்கு அங்கே மருத்துவச் சோதனை நடக்கும், அம்மை ஊசி குத்துவார்கள், கப்பல் வரும்வரை சோறு போட்டு வைத்திருப்பார்கள். கடலைக் கடந்த பிறகு பினாங்கு வழி வந்தவர்களுக்கு ஜெரெஜாக் தீவிலும், சிங்கப்பூர் வழி வந்தவர்களுக்குச் செயின்ட் ஜான்ஸ் தீவிலும் தனிமைப்படுத்தல். 1938-இல் இந்திய அரசு இப்படி ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. அதற்குப் பிறகு வந்தவர்கள் சொந்தச் செலவில் வந்தவர்கள்.

இங்கேதான் ஒரு குழப்பம் பிறக்கிறது. வீட்டில் இருக்கும் பழைய தாளில் ‘நெகப்பட்டாம்’ என்று வெள்ளைக்காரர் உச்சரிப்பில் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, ‘எங்கள் தாத்தா நாகப்பட்டினத்துக்காரர்’ என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. பல சமயம் அது பிறந்த ஊர் அல்ல, கப்பலேறிய ஊர். பிறந்த ஊர் இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் தள்ளி ஆத்தூர்ப் பக்கமோ ஆரணிப் பக்கமோ இருக்கலாம். நாகையின் தெருக்களில் தாத்தாவின் சொந்தங்களைத் தேடி அலைந்து, யாருக்கும் தெரியவில்லையே என்று மனம் நொந்து திரும்புவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

இவ்வளவு பேர் போன ஊரில், போனவர்கள் நினைவாக, வருகிறவரின் கண்ணில் தானாகப் படும் சின்னம் எதுவும் இல்லை. அது ஒரு குறைதான். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வந்து இறங்கிய கதைக்கு நூல்களும் காட்சியகங்களும் வந்துவிட்டன. புறப்பட்ட கரைக்கு இன்னும் வரவில்லை.

கடாரத்து அரசன் அனுப்பிய பொன்

வெயில் ஏறுவதற்குள் காயாரோகணேஸ்வரர் கோயிலுக்குப் போய்விட வேண்டும், ஏனென்றால் நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். அம்மன் பெயர் நீலாயதாட்சி. சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய தலம், தியாகராசர் எழுந்தருளியிருக்கும் ஏழு விடங்கத் தலங்களில் ஒன்று. இவ்வளவும் எந்தத் தலபுராணத்திலும் கிடைக்கும். மலேசியாவிலிருந்து போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி வேறு.

இந்தக் கோயிலில் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கிடாரத்து அரசன் தன் முகவர் மூலம் கோயிலுக்கு நகைகளும் பொன்னும் கொடுத்ததை அவை சொல்கின்றன. கொடுத்த பொன்னைச் ‘சீனக் கனகம்’ என்று குறிப்பிடுகின்றன. கிடாரம் என்றாலும் கடாரம் என்றாலும் இன்றைய கெடாதான். ஆயிரம் ஆண்டுக்கு முன், கெடாவை ஆண்ட பௌத்த மன்னன், சீனத்து வணிகத்தில் வந்த தங்கத்தை நாகையின் சிவன் கோயிலுக்கு அனுப்பியிருக்கிறான். கோயில் நிதியைப் பற்றிய கல்வெட்டு என்று நினைத்துத் தாண்டிப் போகக்கூடிய வரிகளில் இரண்டு கரைகளின் உறவு அப்படியே இருக்கிறது. சில ஆண்டுகள் கழித்து, 1025-இல், அதே ராஜேந்திரன் கடற்படை அனுப்பிக் கடாரத்தைத் தாக்கினான் என்பது நமக்குப் பள்ளிப் புத்தகத்திலேயே தெரியும். ‘கடாரம் கொண்டான்’ என்பதை மட்டும் பெருமையாகச் சொல்லிப் பழகிவிட்டோம். அதற்கு முன் கடாரம் கொடுத்ததைச் சொல்வதில்லை.

கடல் மக்களோடு இந்தக் கோயிலுக்குள்ள உறவும் பெரியது. அறுபத்துமூன்று நாயன்மார்களில் அதிபத்தர் நாகை நுளைப்பாடியைச் சேர்ந்த மீனவர். வலையில் விழும் மீன்களில் ஒன்றைத் தினமும் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவது அவர் வழக்கம். வறுமை வாட்டிய காலத்தில், ஒரே ஒரு மீன் மட்டும் சிக்கியது. அது பொன் மீன். அதையும் கடலில் விட்டார் என்பது வரலாறு. ஆண்டுதோறும் ஆவணி மாதத்தில் கோயிலிலிருந்து சுவாமி கடற்கரைக்கு எழுந்தருள, படகில் போய்த் தங்க மீனைக் கடலில் விடும் விழாவை நாகை மீனவர்கள் இன்றும் நடத்துகிறார்கள். அந்தச் சமயத்தில் பயணம் அமைந்தால் தவறவிடக் கூடாது.

பெருமாள் பக்தர்களுக்கு அருகிலேயே சௌந்தரராஜப் பெருமாள் கோயில் இருக்கிறது. அது 108 திவ்ய தேசங்களில் ஒன்று, திருமங்கையாழ்வார் பாடியது.

சூடாமணி விகாரம் எங்கே?

‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களும் படம் பார்த்தவர்களும் ஆட்டோக்காரரிடம் கேட்கும் முதல் கேள்வி இது. காய்ச்சலில் கிடந்த அருள்மொழிவர்மனை மறைத்து வைத்த அந்தப் புத்த விகாரம் எங்கே?

இல்லை என்பதே பதில். விகாரம் இருந்தது உண்மை. ஸ்ரீவிஜய நாட்டையும் கடாரத்தையும் ஆண்ட மாறவிஜயோத்துங்கவர்மன், தன் தந்தை சூடாமணிவர்மன் பெயரால் நாகையில் அதை எழுப்பினான். ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருமானத்தை அதற்கு விட்டுக்கொடுத்தான். இதைச் சொல்வது ஆனைமங்கலச் செப்பேடுகள். ஒரே வளையத்தில் கோத்த 21 செப்பு ஏடுகள் அவை. டச்சுக்காரர் காலத்தில் நெதர்லாந்துக்குப் போய் லெய்டன் நகரப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் இருந்ததால் அவற்றுக்கு லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர் விழுந்துவிட்டது. ராஜராஜனின் 21-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1006-ஐ ஒட்டிய கொடை அது. கல்கியின் கதையோ அதற்கு முன்பு, சுந்தர சோழர் காலத்தில் நடக்கிறது. நாவலாசிரியருக்கு அந்த உரிமை உண்டு.

விகாரத்தோடு தொடர்புடைய மூன்றடுக்குச் செங்கல் கோபுரம் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நின்றது. கடலில் வரும் மாலுமிகளுக்கு அதுதான் அடையாளம். வெள்ளைக்காரர்கள் அதைச் ‘சீனக் கோபுரம்’ என்று அழைத்தார்கள். 1867-இல் அரசாங்க அனுமதியோடு அதை இடித்தார்கள். 1856 தொடங்கி அடுத்த முக்கால் நூற்றாண்டுக் காலத்தில், வெளிப்பாளையம் பகுதியிலும் சுற்றிலும் மண்ணைத் தோண்டும்போதெல்லாம் வெண்கலப் புத்தர்கள் வெளிவந்தார்கள். கிடைத்தவை 350க்கும் மேல். அவற்றில் நல்ல பகுதியைச் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். ஆகவே நாகையில் விகாரத்தைப் பார்க்க முடியாதவர், சென்னை வழியாகத் திரும்பினால் எழும்பூரில் அரை நாள் ஒதுக்கலாம். இந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி, கெடா மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம். நாகைக்குப் போவதற்கு முன்பே அங்கே போய்வந்தால், கோயில் கல்வெட்டில் கிடாரம் என்று எழுதியிருப்பது வெறும் பெயராகத் தெரியாது.

விகாரம் போனது போலவே கோட்டையும் போனது. மலாக்காவைப் போர்த்துக்கீசியரிடமிருந்து 1641-இல் பிடித்த அதே டச்சுக் கம்பெனி, 17 ஆண்டு கழித்து 1658-இல் நாகையையும் அவர்களிடமிருந்தே பிடித்தது. 1690-இல் பழவேற்காட்டிலிருந்து சோழமண்டலக் கரையின் தலைமையிடத்தை இங்கே மாற்றியது. 1781-இல் ஆங்கிலேயர் வந்தார்கள். மலாக்காவில் சிவப்புக் கட்டடமும் கோட்டை வாசலும் நிற்கின்றன, சுற்றுலாப் பணம் கொட்டுகிறது. நாகையில் கோட்டைக்கு மிஞ்சியது மேலக்கோட்டைவாசல் என்ற பகுதியின் பெயர். டச்சுக்காரர் கட்டிய புனித பேதுரு ஆலயமும் நிற்கிறது. பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

மதியச் சாப்பாட்டுக்கு மீன் குழம்பு, வறுவல் என்று நினைத்துப் போகிறவர்கள் காலத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், ஆகவே அந்தச் சமயத்தில் மீன் வரத்து குறைவு, விலை அதிகம். சாப்பாடு வரத் தாமதமானால் கோபித்துக்கொள்ளவும் வேண்டாம். நாகையில் காத்தான் என்பவர் நடத்திய சத்திரத்தில் சோறு வருவதற்குள் விடிந்துவிடும் என்று காளமேகப் புலவர் கிண்டலடித்துப் பாடிய தனிப்பாடல் தமிழ் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. சத்திரத்துக்காரர் வருத்தப்பட்டதும், அதே பாட்டுக்கு வேறு பொருள் சொல்லிப் புகழ்ச்சியாக மாற்றினாராம் புலவர். இன்னொரு தமிழ்ச் செய்தி: தனித்தமிழ் இயக்கம் தொடங்கிய மறைமலையடிகள் 1876-இல் பிறந்தது இந்த ஊரில். அப்போது அவர் பெயர் வேதாசலம். புத்தகக் கடை வைத்திருந்த நாராயணசாமிப் பிள்ளையிடம் நாகையிலேயே தமிழ் கற்றார். பிள்ளைகளுக்குத் தூய தமிழ்ப் பெயர் தேடும் இங்குள்ள பெற்றோர் மறைமுகமாக அவருக்குக் கடன்பட்டவர்கள்.

நாகூர்: மூன்று ஊர்களில் ஒரே தர்கா

மாலைக்கு நாகூர். நாகையிலிருந்து வடக்கே ஐந்தாறு கிலோமீட்டர். பேருந்து, ரயில், ஆட்டோ எதிலும் போகலாம்.

பினாங்கு சூலியா தெருவில் ஒரு நாகூர் தர்கா உண்டு. சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் 1828 தொடங்கி 1830க்குள் கட்டிய இன்னொன்று உண்டு. அது இப்போது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையம். இரண்டையும் பார்த்தவர்களுக்கு நாகூரில் கோபுரங்களைத் தூரத்தில் பார்க்கும்போதே ஏற்கெனவே வந்த இடம் போலத் தோன்றும். சோழமண்டலக் கரையிலிருந்து வணிகத்துக்கு வந்த தமிழ் முஸ்லிம்கள், ஆபத்தில்லாமல் கடலைக் கடந்ததற்கு நன்றியாகத் தங்கள் ஊர் மகானின் நினைவிடத்தை இங்கே வந்து கட்டினார்கள். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இருப்பவை நினைவுக் கட்டடங்கள். நாகூரில் இருப்பதுதான் பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷாகுல் ஹமீது ஆண்டவரின் அடக்கத்தலம்.

கடலோடிகளின் காவலர் என்று அவர் பெயர் பெற்றதற்குப் பல கதைகள் உண்டு. நடுக்கடலில் ஓட்டை விழுந்த கப்பலைக் கரையிலிருந்தபடியே தன் கைக்கண்ணாடியை வீசி அடைத்துக் காப்பாற்றினார் என்பது அவற்றில் பிரபலமானது. தர்காவில் நேர்ந்துகொண்டு செலுத்தும் வெள்ளித் தகடுகளில் கை, கால், கண்ணோடு சிறு கப்பலும் இருப்பதைக் கடைகளில் பார்க்கலாம். இங்குள்ள ஐந்து மினராக்களில் உயரமானது 131 அடி. அதைக் கட்டியவர் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப் சிங், இந்து அரசர். இன்றும் வருகிறவர்களில் இந்துக்கள் ஏராளம். குழந்தைக்கு மொட்டை போட்டுக் குளத்தில் குளிப்பாட்டி அழைத்துப் போகும் குடும்பத்தைப் பார்த்தால் எந்தச் சமயம் என்று கேட்கத் தோன்றாது.

கந்தூரி விழா 14 நாள் நடக்கும். கொடியை நாகப்பட்டினத்திலிருந்து நாகூருக்கு ஊர்வலமாகக் கொண்டுவருவார்கள். அந்த ஊர்வலத்தின் அழகு, கப்பல் வடிவில் செய்து இழுத்துவரும் ரதங்கள். இஸ்லாமிய நாட்காட்டிப்படி நடப்பதால் ஆங்கிலத் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். முன்கூட்டியே பார்த்துவிட்டுப் பயணச்சீட்டு வாங்க வேண்டும். தர்காவுக்குள் தலையை மூடிக்கொள்ள ஒரு துணி எடுத்துப் போவது நல்லது. உள்ளே பிரார்த்தனை செய்து தருவதாகப் பலர் வந்து அழைப்பார்கள். காணிக்கை விருப்பப்படிதான், தயங்காமல் வேண்டாம் என்று சொல்லலாம். வெளியே வந்ததும் இறால் வைத்துச் சுடும் வாடாவும் தம்ரூட் இனிப்பும் கேட்டு வாங்கிச் சாப்பிடாமல் திரும்பினால் நாகூரைப் பாதிதான் பார்த்ததாகும்.

நேரம் மிஞ்சினால் முருக பக்தர்கள் திருவாரூர் சாலையில் உள்ள சிக்கல் சிங்காரவேலரைத் தரிசிக்கலாம். வேல் வாங்கிய தலம் அது. தரங்கம்பாடியையும் அதே நாளில் சேர்த்துவிடலாம் என்று டிரைவர் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். டேனிஷ் கோட்டையும் சீகன்பால்கு அச்சிட்ட தமிழ்ப் புத்தகங்களின் கதையும் தனி நாள் கேட்பவை.

போவதற்கு முன் வீட்டில் கேட்க வேண்டியவை

வானிலையைப் பொறுத்தவரை ஜனவரி முதல் மார்ச் வரை வசதி. அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயலும் வரும். 2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் கரையைத்தான் தாக்கியது. ஏப்ரல், மே வெயில் இங்குள்ள வெயில் போன்றதல்ல. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா நடப்பதால் சுற்று வட்டாரத்தில் அறை கிடைப்பது கடினம். இந்திய விசாவை முன்னதாகவே எடுத்துவிட வேண்டும்.

இதைவிட முக்கியமான தயாரிப்பு வீட்டுக்குள் நடக்க வேண்டியது. கப்பலில் வந்தவர்களில் உயிரோடு இருப்பவர்கள் இன்று பெரும்பாலும் எண்பதைத் தாண்டியவர்கள். பிள்ளையாக மடியில் உட்கார்ந்து வந்தவர்கள்கூட எழுபதை நெருங்குகிறார்கள் அல்லது தாண்டிவிட்டார்கள். அவர்களிடம் ‘எந்த ஊர்’ என்று பொதுவாகக் கேட்டால் ‘தஞ்சாவூர்ப் பக்கம்’ என்றுதான் பதில் வரும். கிராமத்தின் பெயர், எந்தத் தாலுகா, குலதெய்வம் எந்த ஊரில், அழைத்து வந்த கங்காணி யார், கூட வந்தவர்கள் எந்தத் தோட்டத்தில் இருந்தார்கள் என்று பிரித்துப் பிரித்துக் கேட்க வேண்டும். மாவட்டப் பெயரை மட்டும் நம்பினால் வழி தவறும், ஏனென்றால் அவர்கள் புறப்பட்ட மாவட்டங்கள் இன்று அதே அளவில் இல்லை. பழைய தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து 1991-இல் நாகப்பட்டினம் பிரிந்தது, பிறகு திருவாரூரும் மயிலாடுதுறையும் தனி மாவட்டங்களாயின. பழைய சேலத்துக்குள் தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் இருந்தன. வடஆர்க்காடு என்பது இன்று வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர். தென்னார்க்காடு என்பது கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, கரூர், பெரம்பலூர், அரியலூர் பிரிந்தன.

அடையாள அட்டையில் கிடைக்காத ஊர்ப்பெயர் பழைய கடித உறையின் பின்பக்கம் கிடைக்கும். ஊரிலிருந்து வந்த நீல நிற வான்கடிதங்களை டிரங்குப் பெட்டியின் அடியில் கட்டி வைத்திருக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அனுப்பியவர் முகவரியில் கிராமம், அஞ்சல், தாலுகா மூன்றும் வரிசையாக எழுதியிருக்கும். அதைக் கைபேசியில் படம் பிடித்து எடுத்துப் போனால், நாகையில் ஒரு நாள் முடிந்ததும் மறுநாள் காலை எந்தப் பேருந்தில் ஏற வேண்டும் என்று பேருந்து நிலையத்திலேயே சொல்லிவிடுவார்கள்.